பத்து ரூபாய்ப் பாட்டிலும் பாட்டாளியின் தாகமும்

பௌர்ணமிதோறும் திருவக்கரைக்கு ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். வக்கிரகாளியம்மன் சன்னிதிக்கு வரும் இந்தக் கூட்டத்தில் நம் வர்க்கத்தாரை எங்கும் காணலாம். நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், குவாரியில் கல் உடைக்கிறவர்கள், புதுச்சேரி மில்கள் மூடப்பட்டபின் கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

கடை வரிசையில் ஐஸ் பெட்டிகளில் பாட்டில்கள் மிதக்கின்றன. 200 மில்லி பாட்டில் பத்து ரூபாய். இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண் இரண்டு பாட்டில் வாங்கினார். "உனக்கு வேணாமா அக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். "புள்ளைங்க குடிச்சுட்டு மீதி வச்சா எனக்கு ஒரு வாய் போதும்" என்றார் அந்தத் தாய்.

அந்த ஒரு வாயைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். இந்தப் பாட்டில் மலிவா? ருசி எப்படி? யாருக்கு லாபம்? இந்தக் கேள்விகள் அற்பமானவை என்று நினைக்கிற அறிவாளிகள் இருக்கலாம். உழைப்பாளியின் கையிலிருந்து போகும் பத்து ரூபாய் எதுவும் நமக்கு அற்பமல்ல.

ருசியில் என்ன வித்தியாசம்?

முதலில் உண்மையைப் பேசுவோம். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவனுக்கு ஐஸில் கிடந்த பத்து ரூபாய்க் கோலாவும் நன்றாகத்தான் இருக்கிறது. இருபது ரூபாய்க் கோலாவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றில் இனிப்புச் சற்றுத் தூக்கல், மற்றொன்றில் கார்ப்புச் சற்றுத் தூக்கல் என்று சொல்லலாம். அதற்கு மேல் பெரிய பேதம் கிடையாது.

ஏன்? இரண்டுக்குள்ளும் இருக்கும் சரக்கு ஒன்றேதான். தண்ணீர், சர்க்கரை, அழுத்தி ஏற்றிய கரியமில வாயு, புளிப்புக்குப் பாஸ்பாரிக் அமிலம், கறுப்பு நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரைச் சாயம், கொஞ்சம் காஃபின், கொஞ்சம் வாசனைச் சத்து. லேபிளில் 338 என்று போட்டிருப்பது அந்த அமிலம். 150-டி என்று போட்டிருப்பது அந்தச் சாயம். பெரிய கம்பெனி பாட்டிலிலும் இதே எண்கள்தான், சின்னக் கம்பெனி பாட்டிலிலும் இதே எண்கள்தான்.

இந்த உண்மை மேல்நாட்டிலும் ஒரு முறை அம்பலமாயிற்று. இங்கிலாந்தில் செயின்ஸ்பரி என்ற பெரிய கடைக் கம்பெனி 1994ல் தன் சொந்த முத்திரையில் கோலா இறக்கியது. விலையைக் குறைத்து வைத்தது. சில வாரங்களிலேயே அந்தக் கடைகளில் அது கோக்கோ கோலாவை மிஞ்சி விற்றது. கோக்கோ கோலா கம்பெனி என்ன செய்தது? "எங்கள் ருசி உயர்ந்தது" என்று நிரூபிக்கப் புறப்பட்டதா? இல்லை. "எங்கள் டப்பாவைப் போலவே உங்கள் டப்பாவும் இருக்கிறது" என்று சண்டை பிடித்தது. செயின்ஸ்பரி டப்பாவின் தோற்றத்தை மாற்றிக்கொண்டது. சண்டை ருசிக்காக அல்ல, டப்பாவுக்காக என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே அதிக விலைப் பாட்டிலில் நாம் அதிகமாகக் கொடுத்துவந்தது ருசிக்காக அல்ல. சினிமா நடிகருக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரருக்கும் கொடுத்த விளம்பரப் பணத்தையும் கம்பெனியின் கொள்ளை லாபத்தையும் நம் தலையில் கட்டினார்கள். பத்து ரூபாய்ப் பாட்டில் இந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தது. அந்த அளவில் அதற்கு ஒரு நன்றி சொல்லலாம். அதற்கு மேல் நன்றி சொல்ல ஒன்றும் இல்லை.

பத்து ரூபாயின் கணக்கு

இந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

சர்க்கரை கலந்த வாயு பானத்துக்கு ஜி.எஸ்.டி. வரி 40 சதவீதம். முன்பு 28 சதவீத வரியும் 12 சதவீதக் கூடுதல் வரியுமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே வரியாக 40 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். பத்து ரூபாய் விலைக்குள் வரி ஏறத்தாழ 2 ரூபாய் 86 காசு. பாக்கி 7 ரூபாய் 14 காசு. பாட்டில், மூடி, லேபிள், லாரி வாடகை, ஆலைத் தொழிலாளியின் கூலி, மொத்த வியாபாரி, கடைக்காரர், கம்பெனி எல்லாம் இதற்குள் அடக்கம்.

கரும்பு விவசாயிக்கு எவ்வளவு? இந்தப் பானங்களில் பொதுவாக 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை இருக்கும்; 200 மில்லி பாட்டிலில் சுமார் 20 கிராம். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் அறிவித்த கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அது 10.25 சதவீதம் சர்க்கரை கட்டும் கரும்புக்கு. அதாவது ஒரு கிலோ சர்க்கரைக்குக் கரும்பு விலை 35 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 20 கிராமுக்கு 70 காசு கூட இல்லை.

விழுப்புரம் மாவட்டம் கரும்புச் சீமை. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கட்டுக்கட்டாகக் கரும்பு போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பத்து மாதம் தண்ணீர் கட்டிக் காத்தவனுக்கும், சோகை கிழித்த கையோடு வெட்டியவனுக்கும், பத்து ரூபாய்ப் பாட்டிலில் கிடைப்பது இந்த 70 காசுக்குள்தான். வெட்டுக் கூலியும் அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். அந்தக் கரும்பை வெட்டியவன் குழந்தை திருவிழாவில் பாட்டில் கேட்டால், அவனே பத்து ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்குகிறான்!

இனி நமது கூலியோடு வைத்துப் பார்ப்போம். 2025-26க்கு ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கொரு பாட்டில் குடித்தால் 40 ரூபாய். ஏறக்குறைய ஒரு மணி நேர உழைப்பு ஒரு நிமிஷத்தில் தொண்டைக்குள் போய்விடுகிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் இந்தப் பானம் 50 ரூபாய். 2021 மே மாதத்தில் ஆவின் சமன்படுத்திய பாலுக்கு நிர்ணயித்த விலை லிட்டர் 40 ரூபாய். சர்க்கரைத் தண்ணீர் பாலைவிட விலை அதிகம். இதற்குப் பெயர் மலிவாம்!

உடம்புக் கணக்கும் உண்டு. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்பது 2015ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட ஆலோசனை. ஒரு சின்னப் பாட்டிலிலேயே அதில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. குழந்தையின் பல்லுக்கும் பெரியவர்களின் நீரிழிவுக்கும் பிறகு மருந்துக் கடையில் கொடுக்கும் பணத்தைப் பாட்டிலின் மேல் அச்சடிப்பதில்லை.

கடையும் அவனுடையது, சரக்கும் அவனுடையது

இந்தப் பத்து ரூபாய்ப் போட்டியை மும்முரமாக்கியவர் யார்? காம்பா கோலா ஒரு பழைய பெயர். 1977ல் ஜனதா சர்க்கார் காலத்தில், இந்தியச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள்ள மறுத்துக் கோக்கோ கோலா நாட்டை விட்டுப் போயிற்று. அதற்கு முன் அந்தப் பானத்தைப் பாட்டிலில் அடைத்துவந்த பியூர் டிரிங்க்ஸ் கம்பெனி காம்பா கோலாவை இறக்கியது. தாராளமயக் கொள்கை வந்தபின் 1993ல் கோக்கோ கோலா திரும்பி வந்தது. வந்ததும் தம்ஸ் அப் முதலிய உள்நாட்டுப் பானங்களின் பெயர்களை விலைக்கு வாங்கியது. காம்பா மங்கி மறைந்தது.

அந்த மங்கிய பெயரை 2022ல் ரிலையன்ஸ் கம்பெனி வாங்கியது. 2023 மார்ச்சில் மறுபடி சந்தையில் இறக்கியது. 200 மில்லி பத்து ரூபாய், 500 மில்லி இருபது ரூபாய். போட்டியைச் சமாளிக்க மற்ற இரு பகாசுரக் கம்பெனிகளும் பத்து ரூபாய்ப் பாட்டிலுக்கு இறங்கி வந்தன.

ரிலையன்ஸ் யார்? நாட்டின் மிகப் பெரிய சில்லறைக் கடைக் கம்பெனி. முன்பெல்லாம் கடைக்காரன் பிறர் சரக்கை விற்றான், தரகு எடுத்தான். இப்போது கடையும் அவனுடையது, கடைக்குள் இருக்கும் சரக்கின் முத்திரையும் அவனுடையது. நம் பையில் இருக்கும் டெலிபோன் சேவையும் அவனுடையது. 2024 நவம்பர் இணைப்புக்குப் பின் நாம் பார்க்கும் டெலிவிஷன் சானல்கள் பலவும் அந்தக் குழுமத்தின் பிடியில். விளம்பரம் காட்டுகிறவனும் சரக்குச் செய்கிறவனும் விற்கிறவனும் ஒருவனே என்றால், அதற்குப் பெயர் ஏகபோகம். வேறு பெயர் கிடையாது.

மலிவு எத்தனை நாளைக்கு?

"அதனால் நமக்கென்ன? மலிவாகக் கிடைத்தால் சரிதானே?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதிலை நமது சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லலாம்.

2016 செப்டம்பரில் ஜியோ டெலிபோன் வந்தது. பேசுவது இலவசம், டேட்டா இலவசம் என்றார்கள். குவாரித் தொழிலாளி முதல் மில் தொழிலாளி வரை எல்லோரும் சிம் வாங்கினோம். போட்டியிட முடியாமல் பல கம்பெனிகள் மூடின. சில ஒன்றோடொன்று இணைந்தன. கடைசியில் தனியாரில் பெரியவர்கள் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். பிறகு? 2024 ஜூலை 3 முதல் ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ரூபாய் ஆயிற்று. 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாய் ஆயிற்று. மற்றவர்களும் கூடவே ஏற்றினார்கள். இலவசம் என்ற தூண்டிலில் மீன் விழுந்தபின் தூண்டிற்காரன் புழுவைக் காட்டுவானா?

கோலாவிலும் இந்த நாடகம் புதிதல்ல. 2003ல் கோக்கோ கோலா 200 மில்லி பாட்டிலை ஐந்து ரூபாய்க்கு விற்றுக் கிராமங்களுக்குள் நுழைந்தது. அந்த ஐந்து ரூபாய் நிலைத்ததா? இல்லை. அதற்குள் எத்தனையோ ஊர்களில் கோலி சோடாக்காரரின் வண்டி நின்றுபோயிற்று. பன்னீர் சோடா, கலர் போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். சர்க்கரை போட்ட கலருக்குப் பகாசுரக் கம்பெனிக்கு உள்ள அதே 40 சதவீத விகிதம்தான் சின்னப் பட்டறைக்கும். யானைக்கும் ஆட்டுக்கும் ஒரே சுமை! இதுதான் சமத்துவமாம்.

'சுதேசி' என்ற போர்வை

'மகத்தான இந்தியச் சுவை' என்று காம்பாவுக்கு விளம்பரம் செய்கிறார்கள். அந்நிய பானத்தை எதிர்க்கும் தேசபக்திப் பானமாம்!

அந்நியக் கம்பெனிகள் நம் நிலத்தடி நீரை உறிஞ்சியதை நாம் மறக்கவில்லை. கேரளத்தில் பிளாச்சிமடை ஆதிவாசி மக்கள் போராடி 2004ல் கோக்கோ கோலா ஆலையை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் கங்கைகொண்டான் சிப்காட்டில் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுப்பதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். 2016 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தடை நீங்கியது. அதே மார்ச் முதல் தேதியிலிருந்து கோக்கோ கோலா, பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது மக்கள் கை நீட்டியது எதற்கு? 1916ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவொண்டோவுக்கு. திராட்சை வாசனை கொண்ட அந்தப் பானம் நம் தாத்தா காலத்துக் கல்யாண வீடுகளிலேயே ஊற்றப்பட்டது. கோடிக்கணக்கில் விளம்பரம் இல்லாமலே நாக்கில் நின்ற ருசி அது.

காளிமார்க் முதலாளியும் முதலாளிதான். அங்கும் தொழிலாளிக்குக் கூலியும் சங்கமும் வேண்டும். ஆனால் மாநில அளவிலான ஒரு தொழிலும் நாட்டையே வளைக்கும் ஏகபோகமும் ஒன்றல்ல. ஆறு நம்முடையது, கரும்பு நம்முடையது, உழைப்பு நம்முடையது. லாபம் மட்டும் ஒரே குடும்பத்துடையது என்றால் அந்தச் சுதேசியால் உழைப்பாளிக்கு என்ன பயன்?

சர்க்காரே முன்வந்த காலமும் உண்டு. 1977ல் கோக்கோ கோலா போனபோது மத்திய சர்க்காரின் மாடர்ன் பேக்கரீஸ் ஸ்தாபனம் 'டபுள் செவன்' என்ற கோலாவை இறக்கியது. அதன் செய்முறையை வகுத்தது மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம். பொதுஜனங்களின் சொந்தப் பாட்டில்! ஆட்சி மாறியதும் ஆதரிப்பார் இல்லாமல் அது அழிந்தது. அந்த ஸ்தாபனத்தையே 2000ல் இந்துஸ்தான் லீவருக்கு விற்றுவிட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் 2013 செப்டம்பரில் 'அம்மா குடிநீர்' பாட்டில் லிட்டர் பத்து ரூபாய்க்குப் பஸ் நிலையங்களில் வந்தது. இதே பத்து ரூபாய்க்கு முழு லிட்டர் சுத்தமான தண்ணீர்! கொண்டுவந்தவர்களோடு நமக்கு ஆயிரம் கருத்து வேற்றுமை உண்டு. ஆனாலும் பொதுத் துறையால் முடியும் என்பதை அது காட்டியது. அதுவும் காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது.

தாகம் யார் பொறுப்பு?

சிலர் உபதேசம் செய்கிறார்கள்: "கூழ் குடி, மோர் குடி, பதநீர் குடி, கோலா ஏன் குடிக்கிறாய்?" கூழும் மோரும் பதநீரும் நல்லவைதான். உடம்புக்கும் ஏற்றவை, பனை ஏறுகிறவருக்கும் பிழைப்பு. ஆனால் இந்த உபதேசிகள் ஒன்றை மறக்கிறார்கள். மோருக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு நிலம் வேண்டும். நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கு எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் உண்டு. எத்தனையோ கிராமங்களில் டீக்கடையில் சேரி மக்களுக்கு வேறு குவளை வைத்த அநியாயத்தை நாம் அறிவோம். அதை எதிர்த்துப் போராடியும் இருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் மூடி உடைக்காத பாட்டில் எல்லோருக்கும் ஒன்றே. காசைக் கொடுத்தால் அதே பாட்டில், அதே வாய். அந்தச் சின்னக் கௌரவத்துக்காகவும் நம் ஜனங்கள் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் உரிமை இல்லை. குறை பாட்டில் வாங்கியவரிடம் இல்லை. வேறு குவளை வைத்த சமூகத்திடம் இருக்கிறது.

ஆக, கேள்வி பாட்டிலைப் பற்றியதல்ல, தாகத்தைப் பற்றியது. வேலைத்தலத்தில் குடிநீர் கொடுப்பது முதலாளியின் தர்மமல்ல, கடமை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குடிநீரைக் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும் எழுதி வைத்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் குவாரித் தொழிலாளிக்கும் நல்ல குடிநீரை உறுதி செய்தது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலை நடக்கும் இடத்தில் குடிநீரும் நிழலும் வேண்டும் என்றது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைக் கொண்டுவந்து பழைய சட்டங்களை மாற்றிவிட்டார்கள். சட்டத்தின் பெயரை மாற்றலாம். தொழிலாளியின் தொண்டையை மாற்ற முடியாது.

திருவக்கரையைச் சுற்றிலும், வானூர் வட்டம் நெடுகிலும் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. கல் தூசி தொண்டையை அடைக்கும் வேலை அது. வேலைத்தலத்தில் குடிநீர்த் தொட்டி இல்லாத இடத்தில் பத்து ரூபாய்ப் பாட்டில் விற்பனை ஏறத்தான் செய்யும். முதலாளி தர வேண்டிய தண்ணீரைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து வாங்குகிறான். இது கூலி வெட்டு. பாட்டிலில் அடைத்த கூலி வெட்டு!

நமது கோரிக்கை

ஆகவே நாம் கோருகிறோம்:

திருவக்கரையில் பௌர்ணமிக்கு வரும் ஜனங்களுக்குக் கோயில் நிர்வாகமும் ஊராட்சியும் சேர்ந்து சுத்தமான குடிநீர்க் குழாய்களை அமைக்க வேண்டும். குவளை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு குவாரியிலும் செங்கல் சூளையிலும் மில்லிலும் குடிநீர் இருக்கிறதா என்று அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது சங்கப் பிரதிநிதி கூட இருக்க வேண்டும்.

பஸ் நிலையங்களில் மலிவு விலைக் குடிநீரை மாநில சர்க்கார் மீண்டும் தொடங்க வேண்டும். ஆவின் மோரைக் கோடையில் வேலைத்தலங்களுக்கு அடக்க விலையில் தர வேண்டும்.

சின்னச் சோடா உற்பத்தியாளர்களும் பதநீர் இறக்குவோரும் கூட்டுறவு அமைக்கக் கடன் தர வேண்டும். வரியில் யானைக்கும் ஆட்டுக்கும் பேதம் காட்ட வேண்டும்.

கிராமசபையின் சம்மதமின்றி எந்தக் கம்பெனிக்கும் பானம் அடைக்க நிலத்தடி நீர் கொடுக்கக் கூடாது. போட்டியாளரை ஒழிப்பதற்காக விலையைத் தாழ்த்துவதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் ஏட்டில் தூங்கக் கூடாது.

கரும்புக்குக் கட்டுப்படியாகும் விலை, வெட்டுக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும்.

தோழர்களே! 1936 ஜூலை 30ல் புதுச்சேரியில் மில் தொழிலாளிகள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டது. பன்னிரண்டு பேர் உயிர் கொடுத்தார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. முதலாளி யாரும் விலையைக் குறைத்து அதைத் தானமாகக் கொடுக்கவில்லை. நாம் ஒன்றுபட்டு வாங்கினோம். தண்ணீரும் அப்படித்தான் வரும், கூலியும் அப்படித்தான் வரும்.

பௌர்ணமியில் குழந்தை கேட்டால் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய முதலாளி இரக்கப்பட்டு விலையைக் குறைத்தான் என்று மட்டும் குழந்தையிடம் சொல்லாதீர்கள். கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் தாயும் மீதி ஒரு வாய்க்குக் காத்திருக்காமல் தன் பங்கை முழுதாகக் குடிக்கும் நாள் வர வேண்டும். அதற்குச் சங்கத்தில் சேருங்கள்!